வேலைய விட்டுட்டு முழுநேரம் டார்ட்ஸ் ஆடப் போலாமான்னு கேட்ட தம்பிக்கு

கேள்வி: வயசு 26, அக்கவுண்ட்ஸ்ல வேலை. ஆறு வருஷமா டார்ட்ஸ், அதான் போர்டுல குட்டி அம்பு எறியற ஆட்டம், ஆடறேன், வாராவாரம் லீக் மேட்ச் உண்டு, வீட்ல பிராக்டிஸ்ல மூணு டார்ட்டுக்கு ஆவரேஜ் 78 வருது, மூணு டார்ட்ல எடுக்கக்கூடிய உச்ச ஸ்கோரான 180-அ ஒரே ராத்திரில ஏழு தடவ கூட போட்டிருக்கேன். லிட்லர் 17 வயசுல உலக சாம்பியன் ஆனத பாத்ததுல இருந்து எனக்கு தூக்கமே சரியா இல்ல. வர்ற ஜனவரில க்யூ ஸ்கூல்ங்கற தகுதிப் போட்டிக்குப் போய், ப்ரொஃபஷனலா ஆடறதுக்கான டூர் கார்டு வாங்கிடணும்னு இருக்கேன். வேலைய விட்டா தினம் எட்டு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணலாம். வீட்ல யாருக்கும் இதுல சம்மதம் இல்ல. கொஞ்ச நாளா மேட்ச்ல மட்டும் கை லேசா தயங்குது, அது பெரிய விஷயமா? அப்புறம் 24 கிராம் டார்ட் நல்லதா 22 கிராமா?

பதில்: தம்பி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். முதல் தடவ 78 ஆவரேஜ்தான் கண்ணுல பட்டுச்சு, ரெண்டாவது தடவ அந்த ஏழு 180, மூணாவது தடவதான் கடைசில போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்களே, கை லேசா தயங்குதுன்னு, அது உறைச்சுது. அதுக்கு வரேன். முதல்ல கணக்க பாத்துருவோம், நீங்க அக்கவுண்ட்ஸ் ஆளு, நம்பர் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கை.

78 ஆவரேஜ்னா ஒரு லெக்க, அதாவது 501-ல இருந்து கழிச்சுட்டே பூஜ்யத்துக்கு வர்ற ஒரு சுற்ற, முடிக்க உங்களுக்கு சுமார் 19 டார்ட் ஆகுது. டூர் கார்டு வெச்சிருக்கிறவங்க பொதுவா 90-ல இருந்து 95 வரைக்கும் போடுவாங்க, அதாவது 16, 17 டார்ட். பாக்க ரெண்டு மூணு டார்ட்தானே வித்தியாசம்னு தோணும், நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சு மோசம் போனேன். எதிராளி முதல்ல எறிஞ்சு 15 டார்ட்ல லெக்க முடிச்சுட்டார்னு வைங்க. அதுக்குள்ள உங்க கைக்கு வந்தது 12 டார்ட்தான். மூணு டார்ட் ஒரு விசிட், ஆக நாலு விசிட், நாலு 78, மொத்தம் 312. உங்களுக்கு இன்னும் 189 நிக்குது. ஒரே விசிட்ல முடிக்கக்கூடிய பெரிய நம்பரே 170, ட்ரிபிள் 20, ட்ரிபிள் 20, போர்டு நடுவுல இருக்கற புல். லெக்க முடிக்கற கடைசி டார்ட் டபுள்லயோ, அதாவது ரெட்டை மதிப்பு தர்ற வெளி வளையத்துலயோ, அந்த புல்லுலயோதான் விழணும். ஆக ஒரு டபுள் மேல எறியற சான்ஸ் கூட வராமலே லெக் போயிடுச்சு. அந்த 78-ல டபுள் மிஸ் ஆன டார்ட்டும் சேர்ந்துதானே இருக்கு, ஸ்கோரிங் மட்டும் பாத்தா இன்னும் வேகமா இருப்பேனேன்னு நீங்க கேப்பீங்க, சரிதான், அப்படி கழிச்சு பாத்தாலும் 160 பக்கத்துல நின்னுக்கிட்டு அவர் போர்டுல இருந்து டார்ட்ட பிடுங்கறத வேடிக்கை பாத்துட்டு இருப்பீங்க. டூர்ல வருஷம் முழுக்க நடக்கற பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் டோர்னமெண்ட்டுகள்ல, ஆரம்ப ரவுண்டு மேட்ச்ல 6 லெக் யார் முதல்ல எடுக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, அவ்ளோதான். நின்ன சூடு ஆறறதுக்குள்ள கைகுடுத்துட்டு வெளிய வந்துருவீங்க.

இதுல இன்னொன்னு, வீட்ல வர்ற 78 உங்க நம்பரே இல்ல. வீட்ல நீங்க மட்டும்தான் எறியறீங்க. எதிராளி மூணு டார்ட் போட்டு, எண்ணி, பிடுங்கி, திரும்பி நடந்து வர்ற வரைக்கும் காத்திருக்கற வேலையே கிடையாது, கை சூடாவே இருக்கும். லெக் சொதப்புனா அழிச்சுட்டு புதுசா ஆரம்பிப்பீங்க, இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, எல்லாரும் பண்றதுதான். லீக் மேட்ச்ல உங்க ஆவரேஜ் என்னன்னு எழுதவே இல்ல பாருங்க, அது மறதியா இல்ல வேணும்னேவான்னு உங்களுக்கே தெரியும். 65-க்கும் 70-க்கும் நடுவுல இருக்கும்னு ஒரு ஊகம். தப்பா இருந்தா சந்தோஷம்.

ஏழு 180 போட்டீங்க, நல்ல விஷயம், கூட்டம் கத்தியிருக்கும். அந்த ராத்திரி டபுள் மேல எத்தன டார்ட் எறிஞ்சீங்க, அதுல எத்தன உள்ள போச்சு? மேல்மட்டத்துல இருக்கிறவங்க டபுள்ல 40 சதவீதத்த ஒட்டி போடுவாங்க, அதாவது அவங்களும் பாதிக்கு மேல மிஸ் பண்றாங்கதான், ஆனா நம்மள மாதிரி ஆறு ஏழுக்கு ஒண்ணுன்னு இல்ல.

இப்ப தொழில்னா என்னன்னு பாப்போம். டிவில நீங்க பாக்கறது உலக சாம்பியன்ஷிப் நடக்கற அலெக்ஸாண்ட்ரா பேலஸ், லைட்டு, வாக்-ஆன் பாட்டு, மேஜை மேல ஏறி ஆடற ஜனம். 2026 உலக சாம்பியன்ஷிப்ல ஜெயிச்ச லூக் லிட்லருக்கு 10 லட்சம் பவுண்ட். அது உச்சி. அடிவாரம் எப்படி இருக்கும்னா, பெரிய ஹால், வரிசையா போர்டு, ஆடியன்ஸ் கிடையாது, ஒரே நேரத்துல பல மேட்ச் ஓடும், பக்கத்து போர்டுல ஒருத்தர் கத்துவார், நீங்க டபுள் 8-அ குறி பாத்துட்டு இருப்பீங்க. பிடிசிங்கற ப்ரொஃபஷனல் டார்ட்ஸ் அமைப்போட டூர்ல மொத்தம் 128 பேருக்குத்தான் கார்டு. கார்டு ரெண்டு வருஷத்துக்கு. ஆர்டர் ஆஃப் மெரிட்ங்கற ரேங்கிங் புள்ளில இல்ல, நீங்க சம்பாதிச்ச பரிசுப் பணத்துலதான் ஓடுது, ரெண்டு வருஷக் கணக்கு, பழைய பணம் கழிஞ்சுட்டே வரும். புதுசா கார்டு வாங்கினவர் பூஜ்யத்துல ஆரம்பிச்சு ரெண்டு வருஷ முடிவுல முதல் 64-க்குள்ள இருக்கணும், இல்லன்னா கார்டு போச்சு, திரும்ப க்யூ ஸ்கூல். 2025-ல மட்டும் 34 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் நடந்துச்சு. முதல் ரவுண்டுல தோத்தா பைசா கிடையாது. ஃப்ளைட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் உங்க காசு. திங்கள் ஆடி செவ்வாய் ஆடி ரெண்டு நாளும் முதல் ரவுண்டுல தோத்துட்டு வெறுங்கையோட வீடு திரும்பறது இருக்கே, அத ஒரு சீசன் முழுக்க தாங்கற மனசு வேணும், அது 180 போடறதவிட கஷ்டம். பெரும்பாலும் ஆட்டம் நடக்கறது பிரிட்டன்லயும் ஐரோப்பாவுலயும்தான்ங்கறதால தூரத்துல இருக்கறவங்களுக்கு இந்த செலவு இன்னும் கூடும்.

லிட்லர சொன்னீங்க. அந்த பையன் 2007-ல பொறந்தவன், 2024 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல லூக் ஹம்ஃப்ரீஸ்கிட்ட 7-4-ல தோத்து, 2025 ஜனவரி 3-ம் தேதி வான் கெர்வென 7-3-ல ஜெயிச்சான். உலகத்துக்கு அவன் திடீர்னு வந்த மாதிரி இருந்துச்சு. நடக்க ஆரம்பிச்ச காலத்துலயே கைல டார்ட் பிடிச்சவன் அவன், அப்புறம் ஜூனியர் டோர்னமெண்ட்டுகள், இளைஞர்களுக்கான டெவலப்மெண்ட் டூர், 2023 நவம்பர்ல உலக யூத் சாம்பியன். அதாவது 17 வயசுல அவனுக்கு இருந்தது பத்து பதினஞ்சு வருஷ சர்வீஸ். உங்களுக்கு ஆறு. டெவலப்மெண்ட் டூர் 24 வயசு வரைக்கும்தான், அந்தக் கதவும் உங்களுக்கு மூடியாச்சு. அதனால அவன அளவுகோலா வெக்காதீங்க, எனக்கே அவன் ஆட்டத்த பாத்தா என் பழைய டார்ட்ட எல்லாம் தூக்கி போட்டுடலாமான்னு இருக்கு.

உங்களுக்கு பாக்க வேண்டிய ஆள் ராப் கிராஸ். எலக்ட்ரீஷியன். வேலை பாத்துக்கிட்டே 2016-ல கார்டு இல்லாதவங்களுக்கான சேலஞ்ச் டூர் ஆடி, அந்தப் பட்டியல்ல முதல்ல வந்து, அதுல டூர் கார்டு வாங்கி, டூருக்கு வந்த முதல் சீசன் முடிவுலயே, 2018 ஜனவரி 1, ஃபில் டெய்லரோட கடைசி மேட்ச்ல அவர 7-2-ல தோக்கடிச்சு உலக சாம்பியன் ஆனார். அந்த மாதிரி எல்லாருக்கும் நடக்காது, ஆனா வரிசைய கவனிங்க, வேலை, சேலஞ்ச் டூர், கார்டு, அப்புறம்தான் முழுநேரம். ஃபில் டெய்லரே 16 தடவ உலக சாம்பியன், அவரும் முதல்ல ஃபேக்டரில டாய்லெட் கைப்பிடிக்கு செராமிக் பாகம் செஞ்சுட்டு இருந்தவர். அவர் வேலைய விட்டது, ஏற்கனவே உலக சாம்பியனா இருந்த எரிக் பிரிஸ்டோ கைக்காசு போட்டு ஸ்பான்சர் பண்ணப்பதான், அதுவும் முழுநேரம் ஆடணும்னு கண்டிஷன் போட்டு. 1990 ஃபைனல்ல அந்த பிரிஸ்டோவையே 6-1-ல அடிச்சார், அது வேற கதை. உங்களுக்கு ஒரு பிரிஸ்டோ இருக்காரா? இல்லன்னா இப்போதைக்கு உங்க ஆபீஸ்தான் உங்க ஸ்பான்சர்.

வயசாயிடுச்சோன்னு உங்க லெட்டர்ல ஒரு பயம் தெரியுது. பீட்டர் ரைட் 1995-லயே உலக சாம்பியன்ஷிப் ஆடினவர், அப்புறம் பல வருஷம் ஆட்டத்த விட்டுட்டு கிடைச்ச வேலைய பாத்துட்டு, திரும்ப வந்து 2020-ல சாம்பியன் ஆனப்ப வயசு 49. டார்ட்ஸ்ல 26-ங்கறது காலை பத்து மணி.

சரி, அந்தக் கைக்கு வருவோம்.

தயங்குதுன்னு எழுதிருக்கீங்க. எப்படி தயங்குது? பின்னாடி இழுத்த கை முன்னாடி போறதுக்கு முன்ன ஒரு கணம் நிக்குதா, இல்ல விரல் டார்ட்ட விட மாட்டேங்குதா? ரெண்டு மூணு தடவ சும்மா ஆட்டிட்டு அப்புறம் எறிய வேண்டியிருக்கா? வீட்ல இல்லாம மேட்ச்ல மட்டும்னா இதுக்கு ஒரு பேர் இருக்கு, டார்ட்டைட்டிஸ். சிரிக்கற மாதிரி பேரு, ஆனா வந்தவனுக்குத்தான் தெரியும். கோல்ஃப்ல பந்த மெல்ல குழிக்குள்ள தள்ளறப்ப கை துள்ளுதுன்னு சொல்வாங்களே, அந்த இனம். எரிக் பிரிஸ்டோ அஞ்சு தடவ உலக சாம்பியன், 1980-க்கும் 1986-க்கும் நடுவுல, அவருக்கே இது வந்துச்சு, கையிலேர்ந்து டார்ட் கிளம்பவே மாட்டேன்னுச்சு. அதுக்கப்புறமும் ஃபைனலுக்கு வந்தார், பட்டம் மட்டும் திரும்ப வரவே இல்ல. 2017-ல கிராண்ட் ஸ்லாம்ங்கற டார்ட்ஸ் போட்டில பெர்ரி வான் பியர்னு ஒரு டச்சு பையன் டிவில எல்லாரும் பாக்க எறிய முடியாம தவிச்சு கண்கலங்கி நின்னான், பாக்கவே முடியல, ஆனா அவன் ஆட்டத்த விடல, திரும்ப வந்து ஆடினான். அதனால வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல.

எனக்கு வந்துச்சு. 29 வயசுல வேலைய விட்டேன், உங்கள மாதிரியே தினம் எட்டு மணி நேரம்னு டைம்டேபிள் எல்லாம் போட்டு செவத்துல ஒட்டினேன். முதல் ரெண்டு மாசம் சொர்க்கம். மூணாவது மாசம் சேமிப்பு கரைய ஆரம்பிச்சதும் ஒவ்வொரு டபுளும் ஒரு வாடகை பில்லா தெரிய ஆரம்பிச்சுது. டபுள் 16-அ பாத்தா 16 தெரியல, தேதி தெரிஞ்சுது. கை நிக்க ஆரம்பிச்சுது, முதல்ல ஒரு நொடி, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஓக்கின்னு சொல்ற எறியற கோட்ல நின்னுட்டு நான் சிலை மாதிரி இருப்பேன், எதிராளி தலைய குனிஞ்சுக்குவார். மூணு தடவ க்யூ ஸ்கூல் போனேன், மூணாவது தடவ முதல் கட்டமே தாண்டல. மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைச்சு ஆறு மாசம் ஆனப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா நண்பன் வீட்ல எறிஞ்சேன், கை ஓடுச்சு. டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் கிடையாது, என் அனுபவம், அவ்ளோதான். ஆனா அதுக்கப்புறம் நான் கோச்சிங் குடுத்தவங்கள்ல கை நின்னு போனவங்க பாதி பேருக்கு பின்னாடி ஏதோ ஒரு பணக் கவலையோ வீட்டு சண்டையோ இருந்துச்சு. அதனாலதான் உங்ககிட்ட நேரா சொல்றேன், கை ஏற்கனவே தயங்கற நேரத்துல சம்பளத்தையும் நிறுத்திடாதீங்க. எரியற அடுப்புல எண்ணெய ஊத்தற வேலை அது.

இதுக்கு ரெண்டு குறுக்கு வழி உங்க காதுல விழும். ஒண்ணு, எறியறதுக்கு முன்ன ரெண்டு கிளாஸ். பழைய தலைமுறை மேடையிலயே குடிச்சுட்டு ஆடினாங்க, கை நடுக்கம் போகும்னு. 2004 சாம்பியன் ஆண்டி ஃபோர்டம் மேட்சுக்கு முன்னாடி குடிச்ச பீர் பாட்டில் கணக்கு ஊருக்கே தெரியும், அவர் உடம்பு அதுக்கு குடுத்த விலையும் தெரியும். இன்னொண்ணு, படபடப்பு குறைக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை. அது டார்ட்ஸ்ல தடை செஞ்ச மருந்து, வேற வியாதிக்கு டாக்டர் எழுதி குடுத்திருந்தாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ரெண்டு பக்கமும் போகாதீங்க. 2024 சாம்பியன் ஹம்ஃப்ரீஸ் தன்னோட பதட்டத்த பத்தி வெளிப்படையா பேசினவர், மனசு சம்பந்தமா உதவி கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, விளையாட்டு சைக்காலஜி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட நாலு தடவ பேசிட்டு வாங்க.

கைக்கு இப்போதைக்கு நீங்களே பண்ணக்கூடியது: போர்டுல நம்பரே பாக்காம, ஸ்கோர் எண்ணாம, கண்ணு போர்டு நடுவுல, ஒரே தாளத்துல முப்பது நிமிஷம் எறியுங்க. எங்க விழுதுன்னு கவலையே வேண்டாம். கை முன்னாடி போறதுதான் வேலை, டார்ட் சேர்ற இடம் அப்புறம். நின்னுச்சுன்னா வலுக்கட்டாயமா தள்ளாதீங்க, டார்ட்ட கீழ இறக்கி, மூச்சு விட்டு, கால் எடுத்து வெச்சு மறுபடி நில்லுங்க. தள்ளி தள்ளி எறிஞ்சா அந்த தயக்கமே உங்க ஆக்‌ஷனா மாறிடும், அப்படி ஆனவங்கள நான் பாத்திருக்கேன்.

எட்டு மணி நேர பிராக்டிஸ் பத்தி. வேண்டாம். ரெண்டு மணி நேரம் போதும், ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துல தோக்கற வாய்ப்பு இருக்கணும். 1988 சாம்பியன் பாப் ஆண்டர்சன் பேர்ல பாப்ஸ் 27-னு ஒரு ஆட்டம் இருக்கு, 27 புள்ளியோட ஆரம்பிக்கணும், டபுள் 1-ல மூணு டார்ட், விழுந்த ஒவ்வொண்ணுக்கும் அந்த டபுளோட மதிப்ப கூட்டிக்கோங்க, மூணும் மிஸ்னா அந்த மதிப்ப ஒரு தடவ கழிங்க, அப்புறம் டபுள் 2, இப்படி 20 வரைக்கும் போய் கடைசில புல். கழிச்சு கழிச்சு பூஜ்யத்துக்கு கீழ போனா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. டபுள் 5 தாண்டறதுக்குள்ளயே அவுட் ஆவீங்க, கெட்ட வார்த்தை வரும், வரட்டும். வீட்ல நடுங்கி பழகுனாத்தான் மேட்ச்ல நடுங்கறது புதுசா இருக்காது. தினம் ஒரு தடவ ஆடி ஸ்கோர எழுதி வைங்க, நோட்டு போடறது உங்களுக்கு சொல்லியா தரணும்.

ஜனவரி க்யூ ஸ்கூல் போறத நான் தடுக்க மாட்டேன். லீவு போட்டுட்டு போங்க, ராஜினாமா போட்டுட்டு போகாதீங்க. கார்டு வாங்கறதுக்குன்னு போகாம சேலஞ்ச் டூருக்குன்னு போங்க, க்யூ ஸ்கூல் ஆடி கார்டு கிடைக்காதவங்களுக்குத்தான் அது, வார இறுதில பல டோர்னமெண்ட்ட சேர்த்து நடத்துவாங்க, வருஷ முடிவுல முதல்ல வர்ற ரெண்டு பேருக்கு கார்டு. அங்க ஒரு வருஷம் ஆடினா உங்க இடம் எங்கன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. வேலைய எப்ப விடறதுன்னு கேட்டா எனக்கு மூணு விஷயம் ஒண்ணா நடக்கணும்: மேட்ச்ல, வீட்ல இல்ல, ஆறு மாசம் தொடர்ந்து 88-க்கு குறையாத ஆவரேஜ், ரெண்டு வருஷ பயணச் செலவுக்கு கடன் இல்லாத காசு, கை ஓடணும். இதுல ரெண்டு இருந்து ஒண்ணு இல்லன்னாலும் ஆபீஸ் போங்க.

ஒரு எச்சரிக்கை மறந்துட்டேன். ஸ்பான்சர்னு யாராவது வந்தா பேப்பர படிச்சுட்டு கையெழுத்து போடுங்க, பரிசுப் பணத்துல பங்கு கேக்கறவங்க இருக்காங்க, எத்தன சதவீதம், எத்தன வருஷம்னு பாருங்க. அப்புறம் கார்டு வாங்கிட்டா டார்ட்ஸ் மேட்ச் எது மேலயும் பெட் கட்டக்கூடாது, நண்பனுக்காக பத்து பவுண்ட் கட்டினாலும் தடை வரும்.

வீட்ல சம்மதம் இல்லன்னு எழுதிருக்கீங்க, ஆனா எதுக்கு சம்மதம் இல்லன்னு எழுதல. டார்ட்ஸுக்கா, வேலைய விடறதுக்கா? ரெண்டும் வேற வேற. அவங்ககிட்ட ஒரு வருஷம் வேலையும் பாத்துட்டு வாரக்கடைசில ஆடறேன், செலவு இவ்ளோ, இதுக்கு மேல போனா நிறுத்திடறேன்னு ஒரு தாள்ல எழுதி காட்டுங்க. என் வீட்ல நான் அப்படி ஒரு தாள் காட்டவே இல்ல, கேள்வி கேட்டப்ப எல்லாம் கதவ சாத்திட்டு போர்டு முன்னாடி போய் நின்னேன். அந்த ஹால்ல தோத்துட்டு ராத்திரி போன் பண்ண ஒரு ஆள் வேணும் தம்பி, அத முன்கூட்டியே கெடுத்துக்காதீங்க.

டார்ட் வெயிட்: இப்ப எது கைல இருக்கு, 24-ஆ? அப்ப 24-தான். 50 கிராம் வரைக்கும் ரூல்ல இடமிருக்கு, பெரும்பாலானவங்க 20-ல இருந்து 26-க்குள்ளதான் எறியறாங்க, அதுல ரெண்டு கிராம் உங்க ஆவரேஜ 10 ஏத்தாது. பீட்டர் ரைட் மேட்சுக்கு மேட்ச் டார்ட் மாத்துவாரேன்னு கேக்காதீங்க, அவர் அப்படி ஒரு பிறவி. கை தயங்கற நேரத்துல புது வெயிட் வாங்கினா கோளாறு கைலயா டார்ட்லயான்னு உங்களுக்கே தெரியாம போயிடும். டார்ட் வால்ல இருக்கற இறக்கை, அதான் ஃப்ளைட், கிழிஞ்சா மாத்துங்க, பாயிண்ட் மழுங்கினா தீட்டுங்க, போர்டு மையம் தரைல இருந்து 1.73 மீட்டர்ல இருக்கா, எறியற கோடு போர்டு முகத்துல இருந்து 2.37 மீட்டர்ல இருக்கான்னு இன்னிக்கே டேப் வெச்சு அளந்து பாருங்க, வீட்டு போர்டு ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்து அந்த 78 வந்திருந்தா இந்த லெட்டர்ல பாதிய நான் மாத்தி எழுதணும். மூணு மாச மேட்ச் ஸ்கோர் நோட்ட அனுப்புங்க, வீட்டு ஸ்கோர் வேண்டாம்.